அம்மாவின் மாத்திரைக் கணக்கு

சென்ற மாதம் நமது சங்கத்தின் குடும்ப விழாவில் என் அம்மாவைக் கண்ட சகோதரி ஒருவர், "என்ன பெரியம்மா, பாதியாய் இளைத்துவிட்டீர்களே! மகன் வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். 2023ஆம் ஆண்டு தீபாவளிக் கூட்டத்தில் இதே சகோதரி, "நாகபுரித் தண்ணீர் உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது பெரியம்மா! முகம் பூரண சந்திரன் மாதிரி இருக்கிறது" என்று மெச்சியது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் மெச்சிய நாளில் அம்மா நோயாளி. அவர் பரிதாபப்பட்ட நாளிலோ அம்மா பெரும்பாலும் நலம் பெற்றவள். இதில் அவர்மீது குற்றம் ஏதுமில்லை. ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய எனக்கே உண்மை தெரியாதிருந்தது. அன்றைய இரைச்சலில் அவருக்குப் பதில் சொல்ல இயலவில்லை. பதில் சற்று நீளமானதாகையால் இங்கே எழுதுகிறேன்.

நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். வைத்திய சாஸ்திரம் எனக்குத் தெரியாது. டாக்டர் அம்மாள் எனக்கு விளங்கும்படி சொன்னதையும், எங்கள் வீட்டில் நடந்ததையும் மட்டுமே எழுதப் போகிறேன். இதில் வரும் மில்லிகிராம்களும் வாரங்களும் என் தாயாருக்கென்று ஒரு டாக்டர் பார்த்து விதித்தவை. வேறு எவரும் அவற்றைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021இல் என் தந்தையார் மாயவரத்தில் காலமானார். ஈமக் கடன்கள் முடிந்ததும் அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். அவளுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. நாகபுரியின் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் காவிரிக் கரையிலிருந்து வந்தவளை வாட்டியது மார்கழிக் குளிர்தான். பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகள் இங்கே உண்டு. அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் வலிக்கத் தொடங்கின. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் பத்து அடி நடப்பதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

என் சம்பளத்தை நம்பியிருக்கும் தாயாராதலால் ரயில்வே மருத்துவமனையில் அவளுக்கு இலவச வைத்தியம் உண்டு. இருமுறை அழைத்துச் சென்றேன். மூன்றாம் முறை அவள் வர மறுத்துவிட்டாள். வரிசையில் நிற்பது ஒரு காரணம். மற்றொன்றை அவளே சொன்னாள்: "எங்கே வலிக்குதுன்னு விரலால காட்டிடலாம்டா. எப்படி வலிக்குதுன்னு எதால காட்டறது?" குடைகிறதா, குத்துகிறதா, கடுக்கிறதா, இழுக்கிறதா என்று தமிழில் கேட்டால் அவள் அரைமணி நேரம் சொல்லுவாள். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் இத்தனை வலிக்கும் ஒரே சொல்தான் இருந்தது. டிக்கெட் கொடுக்க அந்த ஹிந்தி போதும். தாயின் நோயைச் சொல்லப் போதாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதியில் மூட்டு வலிக்கு மருந்து கொடுக்கும் ஒருவரைப் பற்றி அண்டை வீட்டார் சொன்னார்கள். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். இளமையில் சில ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்தவர். அம்மா உள்ளே நுழைந்ததும், "வாங்கம்மா, உக்காருங்க" என்று கொச்சைத் தமிழில் வரவேற்றார். அத்தோடு முடிந்தது. அவர் என்ன கொடுத்தாலும் அம்மா சாப்பிட்டிருப்பாள். 2022 நவம்பரில் அவர் காகிதப் பொட்டலங்களில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளைத் தொடங்கினாள். மூன்றாம் நாள் காலை நான் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியபோது, அம்மா சம்மணமிட்டு அமர்ந்து அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதரைக் கைகூப்பித் தொழத் தோன்றியது. வாரம் இருநூறு ரூபாய் கொடுப்பதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பதினான்கு மாதம் இவ்வாறு ஓடிற்று. அம்மாவுக்கு நன்றாகப் பசித்தது. கன்னங்கள் உப்பி முகம் வட்டமாயிற்று. வயிறு பெருத்தது, கைகால்கள் மட்டும் மெலிந்தன. லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் கருநீலம் படர்ந்தது. இரவில் தூக்கமின்றி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் துலக்குவாள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு சமாதானம் வைத்திருந்தோம். பசி உடல்நலத்தின் அறிகுறி, தூக்கமின்மை வயதின் அறிகுறி என்று எண்ணிக்கொண்டோம்.

2024 தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம். ஒரு மாதம் தங்கி வருவதாக இருந்ததால், வேண்டிய மருந்தை மொத்தமாகக் கேட்டாள் அம்மா. மடித்துக் கொடுக்கச் சோம்பியோ என்னவோ, அந்த மனிதர் முதல்முறையாக மாத்திரைகளை அட்டையோடு கொடுத்துவிட்டார். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்ற எச்சரிக்கை. பெயர் பிரெட்னிசலோன், 10 மில்லிகிராம். நாளொன்றுக்கு இரண்டு வீதம், அதாவது 20 மில்லிகிராம், அம்மா பதினான்கு மாதம் சாப்பிட்டிருக்கிறாள். அன்றிரவு பணியில் இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும் என்று வரிசையாக இருந்தது. நான் அதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டேன். இன்னும் நான்கு வரி கீழே படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் ஏற்பட்டிராது.

விடிந்ததும் வீட்டுக்கு வந்து, எல்லா அட்டைகளையும் எடுத்துக் குப்பை வண்டியில் எறிந்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரேயடியா வேண்டாம்டா தம்பி. கொஞ்சம் கொஞ்சமா விட்டுடறேன்" என்றாள். "விஷத்தில் கொஞ்சம் என்ன, நிறைய என்ன?" என்று கத்தினேன். அம்மாவிடம் நான் அவ்வளவு உரத்துப் பேசியது அதுவே முதல் தடவை. எழுத்து வாசனை அதிகமில்லாத அவள் சொன்னதே சரி என்பதும், மெட்ரிகுலேஷன் தேறிய நான் சொன்னது தவறு என்பதும் நான்கு நாட்களில் விளங்கிற்று.

முதல் நாள் உடம்பெல்லாம் வலி என்றாள். இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வாந்தி. பழக்கம் விடுவதால் வரும் அவஸ்தை, தாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நான் தைரியம் சொன்னேன். யாருடைய உடம்பை வைத்து யார் தைரியம் சொல்வது! நான்காம் நாள் விடியற்காலை ஜன்னலில் எனக்கு முன்னே நீண்ட வரிசை நிற்கும்போது மனைவி தொலைபேசியில் அழுதாள். அத்தை குளியலறை வாசலில் விழுந்து கிடக்கிறார், கூப்பிட்டால் பேச்சில்லை என்றாள். கல்லாவை ஒரு சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 80க்கு 50 இருந்தது. இரத்தத்தில் உப்பின் அளவு 122. அது 135க்குக் குறையலாகாதாம். இளவயது டாக்டர் அம்மாள் ஒருவர் அம்மாவின் வட்ட முகத்தையும் கையிலிருந்த கருநீலத் தழும்புகளையும் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இவரோ, "எந்த மருந்தை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். உடனே நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் செலுத்தினார்கள். உப்பு நீரும் ஏற்றினார்கள். மாலையில் அம்மா கண்ணைத் திறந்து காப்பி கேட்டாள். விஷம் என்று நான் தூக்கி எறிந்தேனே, அதன் உடன்பிறப்பான மருந்துதான் அவளை மீட்டது.

மறுநாள் டாக்டர் அம்மாள் என்னை உட்கார வைத்துப் பேசினார். சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்று இரு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை கார்ட்டிசால் என்ற சத்தை நாள்தோறும், முக்கியமாக விடியற்காலையில், சுரக்கின்றன. இரத்த அழுத்தம் சரியாமல் இருப்பதற்கும், காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாங்குவதற்கும் அதுவே ஆதாரம். பிரெட்னிசலோன் அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்து. ஆரோக்கியமான உடம்பு ஒருநாளில் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம் என்றால், அம்மா சாப்பிட்டது அதைப்போல் நான்கு மடங்கு. வேண்டிய அளவு வெளியிலிருந்தே வருவதைக் கண்ட மூளை, சுரப்பிக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. கட்டளையில்லாத சுரப்பி மாதக்கணக்கில் சும்மா கிடந்து சுருங்கிப் போகிறது.

இதை நான் என் ஆபீஸ் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். நிரந்தர குமாஸ்தா நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். அவர் இடத்தில் வந்த ரிலீவிங் குமாஸ்தா ஓராண்டுக்கு மேல் வேலை பார்க்கிறார். வந்தவர் நல்லவர் அல்லர் என்று கண்டுபிடித்து அவரை இரவோடு இரவாக விரட்டிவிட்டால், காலையில் ஜன்னலைத் திறக்க ஆளில்லை. விடுப்பில் இருப்பவருக்குத் தந்தி போக வேண்டும், அவர் வந்து சேர வேண்டும், மறந்த வேலையைப் பழக வேண்டும். அதுவரை இவர் இருந்தே ஆகவேண்டும். நான் இப்படிச் சொன்னதும் டாக்டர் அம்மாள் சிரித்து, "தந்தி நின்று எத்தனையோ வருஷமாயிற்றே" என்றார். (2013இல் நின்றது. எங்கள் பேச்சில் மட்டும் இன்னும் நிற்கவில்லை.)

பிறகு அவர் சொன்ன ஒன்று எனக்கு வியப்பளித்தது. அம்மாவுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். அதற்கு இந்த மாத்திரையை நாள்தோறும் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதற்காக மருந்தை வெறுக்காதீர்கள் என்றார். முடக்குவாதத்திலும் கடும் ஆஸ்துமாவிலும் வேறு சில நோய்களிலும் உயிர் காப்பது இதே இனம்தான். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடமாட்டம் இழந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1952இல், கார்ட்டிசோன் சாப்பிட்டுவந்த நோயாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் மீளாத அதிர்ச்சியில் இறந்ததையும், அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்ததையும் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். எங்கள் குளியலறை வாசலில் நடந்ததை அறிந்தவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் எழுந்து கத்தரிக்காய் நறுக்கிய என் தாயாரையும் அந்த அமெரிக்கப் பெண்ணையும் பிற்பாடு நான் பலமுறை ஒருசேர நினைத்துக்கொண்டதுண்டு.

மீண்டும் அதே 20 மில்லிகிராம் தொடங்கிற்று. இம்முறை டாக்டர் சீட்டோடு, காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக. உடம்பு தானாகச் சுரக்கும் நேரத்தை ஒட்டியே மருந்தும் போக வேண்டுமாம். இரண்டு வாரம் கழித்து 15. மேலும் இரண்டு வாரம் கழித்து 10. நான்கு வாரம் சென்றபின் ஏழரை. மறுபடி நான்கு வாரம் சென்று 5. இதுவரை ஓரளவு வேகமாக இறங்கலாம், ஏனெனில் இது உபரியைக் கழிப்பது. 5க்குக் கீழே ஒவ்வொரு படியும் சுரப்பியை வேலைக்கு அழைப்பது, ஆகவே அங்கேதான் நிதானம் வேண்டும் என்றார் டாக்டர் அம்மாள். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைப்பதைத் தினமும் காண்கிற எனக்கு அது எளிதில் மனத்தில் பதிந்தது. எலும்புக்காகக் கால்சியமும் டி வைட்டமினும் சேர்த்தார். சர்க்கரையைப் பார்த்தார், கண் டாக்டரிடம் அனுப்பினார்.

நான் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு, ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு என்று எழுதத் தொடங்கினேன். ஞாயிறுதோறும் மாத்திரைகளை எண்ணி, அரையாக வெட்ட வேண்டியவற்றை வெட்டி, ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைப்பேன். இந்தக் கணக்கில் எனக்கு ஒரு கர்வமும் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாத்திரை இறங்க இறங்க, வலி ஏறிற்று. அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனால் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மா காலையில் எழுந்திருக்கவே அரைமணி நேரம் ஆகும். தோளும் இடுப்பும் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். காரணமில்லாமல் அழுவாள். அப்பாவின் படத்துக்கு முன்னே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் வரக்கூடும் என்று டாக்டர் அம்மாள் முன்பே சொல்லியிருந்ததால்தான் நாங்கள் நிலைகுலையாமல் இருந்தோம். வாந்தி, எழுந்தால் மயக்கம், உணவு செல்லாமை இவை வந்தால் மட்டும் தாமதிக்காமல் ஓடி வாருங்கள், வெறும் வலிக்குப் பயப்படாதீர்கள் என்று அவர் கூறியிருந்தார். வலிக்கென்று பாரசிட்டமால் கொடுத்தார். காலை நீட்டி உயர்த்தி எண்ணிப் பத்து விநாடி நிறுத்தும் பயிற்சியை ஒருவர் கற்றுக்கொடுத்தார். நான் அரிவாள்மணையைப் பரணில் போட்டுவிட்டு, உயரமான நாற்காலி ஒன்றும் மேஜையும் வாங்கினேன். கத்தியால் காய் நறுக்குவது அம்மாவுக்கு இன்றளவும் பிடிக்கவில்லை.

ஏழரையிலிருந்து ஐந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது, வாய் குமட்டியது. டாக்டர் அம்மாளிடம் அழைத்துப் போனோம். "மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். ஒரு மாத்திரை பிசகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாக இருக்கிறது. வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது.

அன்று மாலை அத்தையின் பூஜை அலமாரியைத் துடைத்த என் மனைவி, திருநீற்றுச் சம்புடத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். திருநீற்றுக்குள் புதைந்து ஒன்பது மாத்திரைகள்.

எங்கள் ஆபீஸில் கல்லாவில் பணம் குறைந்தால் கைப்பணத்தைப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிகுந்தாலும் அதைக் கணக்கில் காட்டியே ஆகவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மிகுதியும் பிழைதான், ஏதோ ஒரு பிரயாணிக்கு நாம் மீதி கொடுக்கவில்லை என்று பொருள். அந்த ஒன்பது மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அம்மாவின் அருகில் போய் உட்கார்ந்தேன். இம்முறை கத்தவில்லை.

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கு நீ அதையெல்லாம் தூக்கி வீசினப்போ உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து எண்ணறியே, அப்பவும் அதே முகம்தான். என்னாலதானே உனக்கு இவ்வளவு தொல்லை. சீக்கிரம் ஒழிஞ்சா உனக்கு நிம்மதின்னு, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து வெச்சேன்."

நான் மாத்திரையை எண்ணினேனே ஒழிய, எண்ணுகிற என் முகத்தை அவள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. குறைத்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் டாக்டரிடம் இல்லை, அம்மாவின் உடம்புக்கும் இல்லை. அது என்னிடம்தான் இருந்தது. செய்த குற்றத்தைச் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும் என்ற ஆத்திரம். அதை அம்மா தன்மேல் வந்த சலிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு முதல் நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். எழுதுவது அவளுக்குச் சிரமம். ஆகவே சாப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளி. கோலப் புள்ளி போலவே வரிசை பிசகாமல் வைத்தாள்.

ஜூன் மாதம் காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைச் சோதித்தார்கள். 3.8 என்று வந்தது. 10ஐத் தாண்டினால்தான் நிறுத்தலாம். 5க்கும் கீழே இருந்ததால் சுரப்பி இன்னும் விழிக்கவில்லை. நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். 5 மில்லிகிராமிலேயே இருங்கள், சில மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர் அம்மாள். ஜூலை மழையில் அம்மாவுக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்தது. ஆரோக்கியமான உடம்பு காய்ச்சல் காலத்தில் கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும். இவளால் அது முடியாதாகையால், டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தபடி மூன்று நாள் மாத்திரையை இரட்டிப்பாக்கி, நான்காம் நாள் பழைய அளவுக்குத் திரும்பினோம். குறைத்துக்கொண்டே வந்ததை மறுபடி கூட்டுவதற்கு என் கை கூசியது. அம்மாவோ நோட்டில் அந்த மூன்று நாட்களுக்கும் இரண்டிரண்டு புள்ளியாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அக்டோபரில் 7.1. ஒருநாள் 5, மறுநாள் இரண்டரை என்று நான்கு வாரம். அதன்பின் தினமும் இரண்டரை. தீபாவளிக்குள் முகத்தின் வட்டம் வடிந்து, மாயவரத்திலிருந்து வந்த அம்மாவின் பழைய முகவெட்டு தெரிந்தது. அறுபத்தெட்டுக் கிலோவாக இருந்தவள் ஐம்பத்தொன்பதுக்கு வந்தாள். தோலின் கருநீலங்கள் மறைந்தன. முழங்கால் வலி இருக்கிறது; அது இனி இருக்கும். ஆனால் வாசல் வரை சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். 2025 பொங்கலன்று நாற்காலியில் உட்கார்ந்தபடி, நீளமான குழாயால் மாவை விட்டு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள். கோடு சற்று நெளிந்துதான் இருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மராத்திப் பெண் வந்து, ரங்கோலி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வாரச் சோதனையில் 11.6. டாக்டர் அம்மாள் சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதி, அதன் குறுக்கே கோடு போட்டார். நான் பெட்டியில் மிஞ்சியிருந்த அரை மாத்திரைகளை எடுக்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும், கொஞ்ச நாள் எறிய வேண்டாம்" என்றார். நான் எறிவதில் வல்லவன் என்பது அவருக்குத் தெரியும்.

சுரப்பி விழித்துவிட்டாலும், பெரிய நோயோ விபத்தோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால் அதற்கு உதவி தேவைப்படலாம் என்பதால், ஓராண்டு வரை ஓர் அட்டையைக் கைப்பையில் வைத்திருக்கும்படி சொல்லி, ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இவர் நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்; மயங்கி விழுந்தாலோ இடைவிடாத வாந்தி எடுத்தாலோ உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தேவைப்படலாம் என்பது அதன் சாரம். அதன் பின்புறத்தில் அதையே நான் தமிழில் எழுதினேன். ஊருக்குப் போனால் ஊரார் படிக்க வேண்டுமே.

2024 தையில் தவறிப்போன பயணத்தைச் சென்ற சித்திரையில்தான் செய்ய முடிந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அம்மாவை ஏற்றி, தலையணையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றேன். வண்டி அசையும் நேரத்தில் அம்மா ஜன்னல் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள். பதறிப்போய் அருகில் ஓடினேன். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து, தமிழ் எழுதிய பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மயங்கின்னு எழுதியிருக்கிறதிலே ஒரு புள்ளி விட்டுப்போச்சுடா. நான் வெச்சுட்டேன்" என்றாள்.